எழுதாமல் விட்ட வரிசை

ஓல்போர்க்கில் நான் முதன்முதல் வேலை செய்த வார்ட் இப்போது இல்லை. போன வருசம் அந்தப் பக்கமாக பஸ்ஸில் போனபோது பார்த்தேன். ஆசுபத்திரியின் அந்தக் கூறு இருந்த இடத்தில் புது வீடுகள் எழும்பியிருந்தன, பல்கனிகளில் சைக்கிள்கள் நின்றன. எனக்குத் துக்கம் ஒன்றும் வரவில்லை. நீளமான ஒரு கொரிடோரும் இருபத்தாறு கட்டில்களும் போனதற்கு ஏன் துக்கப்படவேண்டும்? ஆனால் அங்கேயிருந்த கோப்பி அறை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் அது போகவில்லை.

சின்ன அறை. நடுவில் வட்ட மேசை, அதன் மேல் எப்போதும் கோப்பி நிரம்பிய பெரிய தேமஸ் போத்தல். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மேசையளவு பெரிய கடதாசி ஒன்று ஒட்டியிருக்கும். டேனிஷில் அதற்கு வாக்ட்பிளான் என்று பெயர். எனக்கு அது டியூட்டி லிஸ்ற். ஆறு கிழமைக்கு, நாற்பத்திரண்டு நாளுக்கு, ஒரு கடதாசி. ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெட்டி. பகலா, பின்னேரமா, ஓய்வா என்று பென்சிலால் எழுதியிருக்கும். இரவு வேலைக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள்.

நான் சொல்வது 1986ஆம் ஆண்டின் கதை. எனக்கு அப்போது முப்பத்திநாலு வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் ஆசுபத்திரியில் ஒன்பது வருசம் நேர்ஸாக இருந்தவள். டென்மார்க்குக்கு வந்து, மொழி படித்து, தாதி உதவியாளாக வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. என் நேர்ஸ் சான்றிதழ்கள் அங்கீகாரத்துக்காகக் கொப்பன்ஹேகனில் ஏதோ ஒரு மேசையில் கிடந்தன. கணவர் ஜீவரட்ணம் ஊரில் கணக்கு வாத்தியார். இங்கே மீன் வெட்டும் தொழிற்சாலையில். மகள் சுகிர்தாவுக்கு ஐந்து வயது. பாலர் பள்ளிக்குப் போய் வந்து எங்களோடு டேனிஷில் கதைக்கத் தொடங்கியிருந்தாள்.

வார்ட்டின் தலைமைத் தாதியின் பெயர் பிர்கிற். உயரமான மனுசி, குரல் உயர்த்தாத மனுசி. முதல் நாளே என்னிடம், "என்னைப் பிர்கிற் என்று கூப்பிடு" என்றாள். இந்த நாட்டில் எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான். பெரிய டொக்டரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஊரில் மேட்ரன் விக்ரோரியாவின் முன்னால் ஒன்பது வருசம் கைகட்டி நின்ற எனக்கு, பிர்கிற் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. பெயரே சொல்லாமல், "ஒன்று கேட்கலாமா?" என்று தொடங்கித்தான் கதைப்பேன்.

ஓகஸ்ட் மாதக் கடைசியில் எல்ஸபெத் வந்தாள். அவளும் முந்தி நேர்ஸாக இருந்தவள்தான். ஓகூஸ் நகரத்தில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமைதோறும் ரயிலில் வருவாள். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் பைல்கள், ஒரு அப்பிள். முதல் நாள் கோப்பி அறையில் எங்களை இருத்திவைத்துச் சொன்னாள்:

"இவ்வளவு காலமும் ஆராய்ச்சி என்றால் நோயாளியைப் பற்றித்தான். காயத்தை எப்படிக் கழுவுவது, படுக்கைப் புண் வராமல் எப்படிப் பார்ப்பது. இப்போது அமெரிக்காவிலும் சுவீடனிலும் வேறு கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நேர்ஸ்மாரை யார் நிர்வாகம் செய்கிறார்கள்? எப்படிச் செய்கிறார்கள்? ஏன் மூன்று வருசத்தில் வேலையை விட்டுப் போகிறார்கள்? ஏன் திங்கட்கிழமைகளில் இவ்வளவு பேருக்குச் சுகமில்லாமல் வருகிறது?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தன் கேள்வி ஒன்றுதான் என்றாள்: டியூட்டி லிஸ்றைத் தலைமைத் தாதி எழுதாமல், வேலை செய்கிறவர்களே எழுதினால் என்ன நடக்கும்?

விதி சுலபம். புதுக் கடதாசி இரண்டு கிழமை சுவரில் இருக்கும். அவரவர் தங்கள் வரிசையில் தங்களுக்கு விருப்பமான வேலையைப் பென்சிலால் எழுதவேண்டும். கட்டாயம் ஓய்வு வேண்டிய நாளுக்குச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். ஆளுக்கு மூன்று வட்டம் மட்டும். கடைசியில் மிஞ்சும் இடைவெளிகளைப் பிர்கிற் நிரப்புவாள். உதவியாட்களும் நேர்ஸ்மாரும் ஒரே கடதாசியில்தான்.

அந்த இரண்டு கிழமையும் கோப்பி அறை சந்தை மாதிரி இருந்தது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வந்து நிற்பார்கள், எழுதுவார்கள், அழிப்பார்கள். லோன என்றொரு நேர்ஸ் இருந்தாள். என் வயதுதான் இருக்கும், கைவேகமும் வாய்வேகமும் கூடினவள். அவள் வந்த முதல் நாளே மூன்று சிவப்பு வட்டத்தையும் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நான் ஒன்றும் எழுதவில்லை. வீட்டில் சொன்னபோது ஜீவரட்ணமும், "எழுதாமல் விடும். புதுசா வந்த ஆள் நீர். அவையள் போடுறதைச் செய்தால் பிரச்சினை இல்லை" என்றார். ஆனால் அவர் சொன்னதற்காக நான் எழுதாமல் விடவில்லை. கடதாசியின் முன்னால் இரண்டு தரம் போய் நின்றேன். என்ன எழுதுவதென்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

செப்டெம்பரில் அந்த லிஸ்ற் தொடங்கியது. வார்ட்டில் எல்லாருக்கும் முகம் மலர்ந்திருந்தது. சுகமில்லை என்று காலையில் வரும் ரெலிபோன் அழைப்புகள் குறைந்தன. பிர்கிற்றுக்குச் சந்தோசம். மற்ற வார்ட்டுகளிலிருந்து தலைமைத் தாதிமார் வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் பிர்கிற் என் தோளில் கையை வைத்து, "நீ நல்லாய் வளைந்து கொடுக்கிறாய், கிருபா" என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டிலும் சொன்னேன்.

அதே ஆறு கிழமையில் நான் ஐந்து ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில்தான் ஒரு டேனிஷ் கிறிஸ்தவக் கோயிலின் பக்க மண்டபத்தில் எங்கள் தமிழ் ஆராதனை. ஒன்பது குடும்பம்தான் அப்போது. ஆர்மோனியம் இல்லை, பஸ்தியாம்பிள்ளை அண்ணை கையைத் தட்டித் தாளம் போடுவார். நான் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீவரட்ணம் மகளைக் கூட்டிக்கொண்டு போவார். அவர் பின்னிவிடும் தலைப்பின்னல் கோணலாகத்தான் இருக்கும். பின்னேர வேலைகளும் எனக்குத்தான் கூட வந்தன. நான் வீட்டுக்கு வரும்போது பிள்ளை நித்திரை. யாரோடும் எனக்குக் கோபம் வரவில்லை. வேலை என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த லிஸ்ற்றும் அதே மாதிரி வந்தது.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் வேலை முடிந்து சப்பாத்து மாற்றிக்கொண்டிருந்தபோது எல்ஸபெத் வந்து, "உனக்குக் கால் மணித்தியாலம் இருக்கா?" என்று கேட்டாள். ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கோப்பி அறையில் வேறு யாரும் இல்லை. அவள் கதவைச் சாத்தினாள். மேசையில் முதல் லிஸ்ற்றின் பிரதியை விரித்தாள். ஒவ்வொருவரும் தாங்களே எழுதின பெட்டிகளுக்குப் பச்சை நிறம் அடித்திருந்தாள். பிர்கிற் நிரப்பினவற்றுக்கு மஞ்சள். கடதாசி முழுக்கப் பச்சை வயல் மாதிரி. ஒரே ஒரு வரிசை மட்டும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் மஞ்சள்.

"இது உன்னுடையது" என்றாள்.

நான் அந்த மஞ்சளை விரலால் தடவிப் பார்த்தேன்.

"நான் விளங்கப்படுத்தினது உனக்கு விளங்கவில்லையா? என் டேனிஷ் வேகமாக இருந்ததா?"

"விளங்கினது."

"அப்போ ஏன் எழுதவில்லை?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. பதிலைக் கேட்க அவளிடம் நேரம் இருந்தது என்பதை அவள் இருந்த விதத்திலேயே கண்டேன். எனக்கு இருந்த டேனிஷைக் கூட்டி அள்ளி, மேட்ரன் விக்ரோரியாவைப் பற்றிச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேட்ரனின் லிஸ்ற் கண்ணாடிப் பெட்டிக்குள் வரும். நாங்கள் முட்டிமோதிக்கொண்டு போய்ப் பார்ப்போம். யாரும் யாரையும் கேட்டு எழுதுவதில்லை. கேட்கவும் தேவையில்லை. யாருக்குச் சோதனை, யாருடைய வீட்டில் சடங்கு என்று மேட்ரனுக்குத் தெரியும். என் தம்பியின் கலியாணத்துக்கு நான் லீவு கேட்கவே இல்லை, பயத்தில். லிஸ்ற்றில் பார்த்தால் அந்த இரண்டு நாளும் எனக்கு ஓய்வு. நன்றி சொல்லப் போனேன். "போய் வேலையைப் பாரும்" என்றா. அவ்வளவுதான். அந்த மனுசியின் வெள்ளைச் சப்பாத்துச் சத்தம் கொரிடோரில் கேட்டால் எங்களுக்குப் பயமும் வரும், ஒரு தைரியமும் வரும். எங்கேயோ ஒருவர் எங்களை நினைத்து வைத்திருக்கிறார் என்ற தைரியம். நாட்டை விட்டு வந்தபிறகு அந்த ஆசுபத்திரியைப் பற்றி யாரிடமும் இவ்வளவு கதைத்ததில்லை.

எல்ஸபெத் குறிப்பு எழுதவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அவர் எல்லாரையும் அப்படிக் கண்டாரா?" என்று கேட்டாள்.

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரத்தில் யோகம்மா நினைவுக்கு வந்தாள். என்னோடு படித்தவள், அதிகம் கதைக்காதவள். அவளுடைய தாய் செத்து ஒரு வருசம் நிறைந்த நாளில் மேட்ரன் அவளுக்குப் பகல் வேலை போட்டிருந்தா. மேட்ரனுக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை, யோகம்மாவும் கேட்கவில்லை. துணி அடுக்கும் அறையில் படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் விரிப்பு எடுக்கப் போனவள், கண்டும் காணாதமாதிரி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அது நடந்து பத்து வருசம். அன்றுதான் முதன்முதலாக அதை நினைத்தேன்.

"எல்லாரையும் இல்லை" என்றேன்.

எல்ஸபெத் கடதாசியை மடித்தாள். "சுகமில்லாத நாட்கள் முந்தி இருபத்திமூன்று. இந்த லிஸ்ற்றில் ஒன்பது. நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் தெரியுமா? நிறம் அடித்துப் பார்த்தபிறகுதான் விளங்கினது. எல்லாருக்கும் கேட்டது கிடைத்ததற்குக் காரணம் என் திட்டம் இல்லை. நீ ஒன்றும் கேட்காததுதான் காரணம்." மடித்த கடதாசியைத் துணிப்பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அடுத்த லிஸ்ற்றில் கிறிஸ்மஸ் வருகிறது. நீ உன் வரிசையை எழுதுவாயா? ஆராய்ச்சிக்காக என்று நினைத்து எழுதினாலும் பரவாயில்லை."

வெற்றுக் கடதாசி ஒன்றின் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். இரவுச் சாப்பாடு முடிந்து குசினி மேசையில் விரித்தேன். ஜீவரட்ணம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணக்குத் தாள் பார்க்கிறமாதிரி பார்த்தார்.

"எழுதவேண்டாம் எண்டு நான்தானே சொன்னனான்" என்றார் மெதுவாக. "அவையளே கேக்கினம் எண்டால் எழுதத்தானே வேணும். எல்லா ஞாயிறும் ஓய்வு எண்டு போடும்."

"எல்லா ஞாயிறும் கேக்க ஏலுமே? மற்றவையும் மனுசர்தானே."

"அப்ப மூண்டு போடும். வட்டம் மூண்டுதானே."

சுகிர்தா கதிரையில் ஏறி நின்று, அந்தக் கடதாசி என்னவென்று டேனிஷில் கேட்டாள். அம்மா எந்த நாள் வீட்டில் நிற்பா என்று எழுதுகிற கடதாசி என்றேன். அவள் சிவப்புப் பென்சிலை எடுத்து வட்டங்கள் போடத் தொடங்கினாள். மூன்றில் நிற்கவில்லை. பிடுங்க மனம் வரவில்லை, பிரதிதானே.

அடுத்த நாள் சுவரில் என் வரிசையை நானே எழுதினேன். டிசெம்பரில் இரண்டு ஞாயிறுக்கு வட்டம். மூன்றாவது வட்டம் டிசெம்பர் 25.

மத்தியானத்துக்குள் கதை பரவிவிட்டது. லோன கோப்பியை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "உங்களுக்குக் கிறிஸ்மஸ் இல்லைத்தானே?"

"இருக்கு" என்றேன். "நாங்கள் கிறிஸ்தவர்கள். என் பூட்டன் காலத்திலிருந்து."

அறையில் ஆறு பேர் இருந்தார்கள். ஏழு மாதம் ஒன்றாகக் கோப்பி குடித்தும் யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லோனவின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவள் பிரச்சினை அதோடு தீரவில்லை. நான் வட்டம் போட்ட இரண்டு ஞாயிறில் ஒன்றை அவளும் போட்டிருந்தாள். "என் வரிசையைப் பார்த்துவிட்டுத்தானே எழுதினாய்?" என்று கேட்டுவிட்டுக் கோப்பையை வைத்துவிட்டுப் போனாள்.

அந்த இரண்டு கிழமை நல்லாய் இருக்கவில்லை. ஒருவர் எழுதினதை மாற்றினால் இன்னொருவரும் மாற்றவேண்டி வந்தது. நான் நிரப்பிவந்த பின்னேரங்கள் எல்லாம் வெறுமையாய்க் கிடந்தன. சுகமில்லை என்ற அழைப்புகள் திரும்பவும் வரத் தொடங்கின. ஒரு செவ்வாய்க்கிழமை, பாதி திறந்திருந்த கதவுக்கூடாகப் பிர்கிற் எல்ஸபெத்திடம் சொன்னது என் காதில் விழுந்தது: "முதல் லிஸ்ற்றோடு நிறுத்தியிருக்கலாம். அது எவ்வளவு அழகான முடிவு." எல்ஸபெத் சொன்னாள்: "அழகுதான். ஆனால் அது உண்மை இல்லையே."

நான் போய் என் வட்டங்களை அழித்துவிட நினைத்தேன். ரப்பரையும் எடுத்துக்கொண்டு போனேன். கடதாசியின் முன்னால் லோன நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்டாள்.

"அழிக்கப்போறன்."

"அழிக்காதே" என்றாள். பிறகு கதிரையை இழுத்து இருந்தாள். என்னையும் இருக்கச் சொன்னாள். அவளுடைய புருசன் கப்பலில் மீன்பிடிக்கப் போகிறவன். மூன்று கிழமைக்கு ஒருதரம்தான் கரைக்கு வருவான், அதுவும் வெள்ளி பின்னேரம் வந்து திங்கள் விடியப் போய்விடுவான். அந்த ஞாயிறு அவன் வரும் ஞாயிறு. "அதனால்தான் சிவப்பு" என்றாள். எனக்கு அது தெரியாது. அவளும் யாருக்கும் சொன்னதில்லை. நான் எங்கள் ஆராதனையைப் பற்றிச் சொன்னேன். மகளின் கோணல் பின்னலைப் பற்றியும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, புருசன் வெட்டுகிற மீனை நீ பார்க்கவேண்டும் என்றாள். என் புருசனும் மீன்தான் வெட்டுகிறார் என்றேன். அன்று இரண்டு பேருக்கும் வீட்டுக்குப் போக நேரம் பிந்திவிட்டது.

அவன் கரைக்கு வரும் ஞாயிறுகள் அவளுக்கு, மற்றவை முடிந்த அளவுக்கு எனக்கு என்று பேசி வைத்தோம். கிறிஸ்மஸ் மட்டும் மிச்சம்.

"24ஆம் திகதி பின்னேரம் நீ என்ன செய்வாய்?" என்று கேட்டாள். டேனிஷ்காரருக்கு அதுதான் கிறிஸ்மஸ். அன்று பின்னேரம் வேலை செய்ய ஒருவருக்கும் மனம் வராது.

"பலகாரம் சுடுவன். முதல் நாளே சுட்டு வைக்கலாம். எங்கடை கிறிஸ்மஸ் 25ஆம் திகதி விடிய ஐந்து மணிக்குத்தான் தொடங்கும்."

"விடிய ஐந்து மணிக்கா? டிசெம்பரிலா?" அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அந்தக் குளிரில் யார் எழும்புவார்கள்?"

"நாங்கள் எழும்புவம்."

24 பின்னேரத்தை நான் எடுத்தேன். 25 பகலை லோன எடுத்தாள். எங்களைப் பார்த்து மற்றவர்களும் மேசையைச் சுற்றி இருந்து கதைக்கத் தொடங்கினார்கள். யாருக்குத் தகப்பன் வயோதிபர் இல்லத்தில், யாருக்கு விவாகரத்துப் பண்ணின புருசனிடம் பிள்ளைகள் போகிற கிழமை என்றெல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. லிஸ்ற் முடிய மூன்று நாள் பிந்தியது. அது முதல் லிஸ்ற் மாதிரி அழகாக இல்லை. அழித்து அழித்துக் கடதாசியே தேய்ந்துபோயிருந்தது.

பிர்கிற் அதில் கையெழுத்துப் போட்ட அன்று என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். "உன் வரிசை வெறுமையாக இருந்ததை நான் கண்டேன், கிருபா. கண்டு சந்தோசப்பட்டேன், வேலை சுகம் என்று. பதினெட்டு வருசம் தலைமைத் தாதியாக இருக்கிறேன், உன்னைக் கேட்கவேண்டுமென்று தோன்றவில்லை" என்றாள். "பரவாயில்லை, பிர்கிற்" என்றேன். பெயர் தானாக வந்துவிட்டது.

எல்ஸபெத்தின் கணக்கில் அந்தக் கடைசி லிஸ்ற்றின் சுகமில்லாத நாட்கள் பதினேழு. ஒன்பது, பதினேழு என்ற இரண்டு கணக்கையும் அவள் மறைக்காமல் எழுதினாள். அடுத்த வசந்தத்தில் அந்த அறிக்கையின் பிரதி ஒன்று எனக்கு வந்தது. அப்போது என்னால் அதை வாசித்து விளங்க முடியவில்லை. சில வருசம் கழித்து, என் நேர்ஸ் அங்கீகாரம் கிடைத்தபிறகு, சொல்லகராதி இல்லாமல் வாசித்தேன். சின்னப் புத்தகம்தான், பெரிதாக யாரும் பேசினதாகத் தெரியவில்லை. பிறகு வேறொரு வார்ட்டில் லிஸ்ற் எழுதும் பொறுப்பு எனக்கே வந்தது. பதினொரு வருசம் எழுதினேன். வெறுமையான வரிசை கண்டால் அந்த ஆளைத் தேடிக்கொண்டு போவேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. இப்போது கொம்பியூட்டர் எழுதுகிறதாம்.

அந்த 25ஆம் திகதி விடிய வெளியே சரியான பனி. மண்டபத்தில் ஹீற்றரைப் போட்டுவிட்டு, கோட்டோடேயே இருந்தோம். ஒன்பது குடும்பமும் வந்திருந்தது. முதல் பாட்டு முடிகிற நேரம் பின்கதவு திறந்தது. லோன. ஏழு மணி வேலைக்குப் போகிறவள், சைக்கிளில் வந்திருந்தாள். தொப்பியிலும் தோளிலும் பனி. விடிய ஐந்து மணிக் கிறிஸ்மஸை நம்பாமல் பார்க்க வந்தேன் என்று பிறகு சொன்னாள்.

பஸ்தியாம்பிள்ளை அண்ணை தாளத்தை விடாமலே தலையசைத்து அவளுக்கு இடம் காட்டினார். அவள் இருக்கவில்லை. சுவரோடு சாய்ந்து நின்று, விளங்காத மொழியில் நாங்கள் பாடினதையெல்லாம் கடைசிவரைக்கும் கேட்டாள். ஜெபம் முடிந்ததும் நான் பயத்தம்பணியாரம் கொடுத்தேன். ஒன்றைக் கடித்துவிட்டு, உள்ளே என்ன என்று கேட்டாள். பயறும் தேங்காயும் சர்க்கரையும் என்றேன். சுகிர்தா அவளோடு டேனிஷில் கதைத்துக் கதைத்து இன்னும் இரண்டு தின்னவைத்தாள். வார்ட்டில் அன்று வேலை செய்கிறவர்களுக்கென்று கொஞ்சத்தைக் கடதாசிப் பையில் போட்டுக் கொடுத்தேன்.

"ஆறரை ஆகிறது, போறன்" என்று வெளிக்கிட்டாள். வாசல் வரைக்கும் போனேன். இருட்டு இன்னும் விடவில்லை. பையைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, வழுக்கும் தெருவில் சைக்கிளை ஏறாமல் உருட்டிக்கொண்டே ஆசுபத்திரிப் பக்கம் நடந்தாள். மூலையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போய், மற்றவர்களோடு இருந்து தேத்தண்ணி குடித்தேன்.